வெல்டிங் சான்றிதழ் படிப்பு: கடனும் வருமானமும்

ஒஹாயோவில் மகனைச் சமுதாயக் கல்லூரியின் வெல்டிங் சான்றிதழ் படிப்பில் சேர்க்க நினைப்பதாகவும், கல்லூரிகளின் கடன், வருமான விவரங்களைத் தரும் அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் அந்தப் படிப்புக்குக் கடன் தொகை மட்டும் தெரிகிறது, வருமானம் காலியாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்தவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால், தனியுரிமை கருதி அமெரிக்கக் கல்வித் துறை அவர்களின் வருமானத்தை வெளியிடாது. அதைக் கல்லூரியின் குறையாகக் கொள்ள வேண்டாம். அங்கே காணும் கடன் தொகையோ, கூட்டாட்சிக் கடன் (அமெரிக்க மத்திய அரசு தரும் மாணவர் கடன்) வாங்கிப் படிப்பை முடித்தவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டது. பெல் உதவித்தொகையாலும் (வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும், திருப்பிச் செலுத்த வேண்டாத தொகை) பகுதிநேர வேலையாலும் கடனின்றிப் படித்தவர்கள் அதில் இடம்பெறுவதில்லை, தனியார் கடனும் சேர்வதில்லை.

வெல்டர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் பெறுவது) நாடு முழுவதற்கும் 2024 மே கணக்குப்படி சுமார் 51,000 டாலர். பல்லாண்டு அனுபவசாலிகளும் அதில் அடக்கம் என்பதால், முதல் வேலையிலேயே அதை எதிர்பார்ப்பது சரியாகாது.

என்னைக் கேட்டால், இந்த எண்களைவிடப் பட்டறையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்தி, அதைச் சுழற்றாமல் முழுச் சுற்றும் பற்றவைத்து, பின்பு பட்டைகளாக வெட்டி வளைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதே 6ஜி தேர்வு. அந்த அளவுக்குப் பயிற்சி தருகிறார்களா என்று கேளுங்கள். குழாய் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பலர், சான்றிதழைப் பார்ப்பதோடு நிற்காமல் கையில் டார்ச்சைக் கொடுத்துச் சோதிப்பார்கள்.

பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவருக்கு நேரடிக் கூட்டாட்சிக் கடனின் வழக்கமான உச்சவரம்பு 5,500 டாலர். மத்திய அரசின் கல்வி நிதியுதவிக்கான ஃபாஃப்சா (FAFSA) விண்ணப்பத்தை முடித்து, பெல் தொகை எவ்வளவு என்று தெரிந்த பிறகே கடனைப் பற்றி யோசியுங்கள்; ஓராண்டுச் சான்றிதழுக்காகத் தனியார் கடன் வாங்க நேர்ந்தால் வேறு கல்லூரி பார்ப்பதே நல்லது.