பி.எஸ்.6 லாரிக்கு ஆயில் அடிட்டிவ் ஊற்றலாமா?

கேள்வி: நாமக்கல்லில் இரண்டு பி.எஸ்.6 லாரி ஓட்டுகிறேன். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு பாட்டில் அடிட்டிவும் (ஆயிலோடு கலக்கும் கூடுதல் ரசாயனம்) ஊற்றினால் இன்ஜின் தேயாது, மைலேஜும் கூடும் என்கிறார் ஆயில் கடைக்காரர். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். பழைய லாரி என்றால் பெரும்பாலும் காசுக்கு மட்டும்தான் கேடு, புகைக் கட்டுப்பாடு கடுமையான பி.எஸ்.6-இல் வண்டிக்கும் கேடு.

நீங்கள் வாங்கும் ஆயிலிலேயே அடிட்டிவ் இருக்கிறது. கரி திரண்டுவிடாமல் பிரித்து வைக்க ஒன்று, அமிலத்தை முறிக்க ஒன்று, தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒன்று. இந்தக் கலவையை இன்ஜினில் ஓட்டிச் சோதித்த பிறகுதான் சி.கே.-4 என்ற தரம் கிடைக்கிறது. அதன்மேல் இன்னொரு பாட்டிலைக் கவிழ்த்துவிட்டால், உள்ளே இருப்பது யாரும் சோதித்த ஆயில் இல்லை.

பெரிய சிக்கல் டி.பி.எஃப்.-இல்தான், அதாவது புகை வெளியேறும் வழியில் இருக்கும் கரி வடிகட்டியில். புகையில் வரும் கரியை இந்த வடிகட்டி பிடித்து வைக்கும். வடிகட்டியைச் சூடேற்றிச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் நடக்கும்போது அந்தக் கரி எரிந்துவிடும். ஆனால் ஓட்டத்தில் சிறிது ஆயிலும் எரிகிறது. அதிலுள்ள கால்சியம், துத்தநாகம் எல்லாம் சாம்பலாகி அங்கேயே தங்கிவிடும். எத்தனை ரீஜெனரேஷன் செய்தாலும் சாம்பல் போகாது. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதனால்தான் சி.கே.-4 ஆயிலில் சல்பேட்டட் ஆஷ் (ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு) 1 சதவீதத்தையும் பாஸ்பரஸ் 0.12 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். புகையிலுள்ள நச்சை முறிக்கும் கேட்டலிஸ்ட்டையும் பாஸ்பரஸ் கெடுக்கும். கடை பாட்டிலில் எது எவ்வளவு என்று லேபிளில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. (பி.எஸ்.6 லாரியில் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா வேறு விஷயம். அது தனி டேங்கில் போவது, கட்டாயம் ஊற்ற வேண்டியது.)

தேய்மானம் குறையும் என்ற பேச்சும் புதிதல்ல. அப்படி விளம்பரம் செய்த ஸ்லிக் 50 என்ற அடிட்டிவ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, ஆதாரமில்லாமல் அப்படிச் சொல்லக் கூடாது என்று 1997-இல் ஒப்புக்கொள்ள வைத்தது.

"ஊற்றினதும் ஆயில் குறைவது நின்றுவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். சில பாட்டில்களில் இருப்பது வெறும் கெட்டியான எண்ணெய். அது கொஞ்ச நாள் புகையை மறைக்கும், தேய்ந்த பிஸ்டன் ரிங் தேய்ந்தபடியே இருக்கும். ஆயில் குறைந்தால் ரிங், வால்வு சீல், டர்போ சீல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பணத்தில் ஆயில் மாற்றும்போது சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பலாம். சிலிக்கான் கூடியிருந்தால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போகிறது என்று அர்த்தம். டீசலோ கூலண்ட்டோ கலந்திருந்தாலும் இன்ஜினைப் பிரிக்காமலே தெரிந்துவிடும்.