டியூப் வாய் நசுங்காமல் அறுக்க எதை வாங்கலாம்?

பட்டறைக் கேள்விகளுக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பொற்கொல்லரின் பதில்கள்

கேள்வி: ஐயா, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டிலேயே வெள்ளி நகை செய்கிறேன். திறந்து மூடும் வளையலுக்குக் கீல் வைக்க 3 மி.மீ. வெள்ளி டியூப் வாங்கினேன். ஹார்ட்வேர் கடைப் பைப் கட்டரில் வெட்டினால் வாய் உள்பக்கம் சுருங்கிவிடுகிறது, ஆணி நுழையவில்லை. சிலர் சுற்றும் டிஸ்க் வாங்கச் சொல்கிறார்கள், சிலர் டியூபைப் பிடித்து நிறுத்தும் ஜிக் என்கிறார்கள். எதில் காசு போடலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நம்ம ஊர்தானா தங்கச்சி, சந்தோஷம். முதலில் அந்தப் பைப் கட்டரை நகை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் குழாய்க்கு அது நல்ல சாமான். ஆனால் அதன் சக்கரம் உலோகத்தை அறுத்து எடுப்பதில்லை, அழுத்திப் பிளக்கிறது. அழுத்தின உலோகம் உள்ளே மடியும். உங்கள் டியூபின் சுவர் அரை மி.மீ. என்றால் துளையே 2 மி.மீ.தான். அதில் கொஞ்சம் மடிந்தாலும் ஆணி நின்றுவிடும். உள்ளே சுரண்டித் துளையைச் சரிசெய்யலாம். ஆனால் வெளி ஓரம் குவிந்தே இருக்கும். இரண்டு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். கீலுக்கு அது ஆகவே ஆகாது.

டிஸ்க் வேகமாக அறுக்கும். எஃகு டியூப் என்றால் நானே எடுப்பேன், வெள்ளிக்கு வேண்டாம். ரம்பத்தைவிட அகலமாகத் தின்னும், டியூபைச் சூடாக்கும். சின்னத் துண்டு கையில் திரும்பிவிட்டால் டிஸ்க் உடைந்து முகத்துக்கு வரும். எப்போதாவது பயன்படுத்தினால் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள், முடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது நகை வேலை ரம்பம். பிளேடு 4/0 என்ற மெல்லிய அளவில் வாங்குங்கள். அதன் கனம் ஏறக்குறைய 0.22 மி.மீ. டியூபின் சுவர் இன்னும் மெல்லிசு என்றால் அதைவிட மெல்லிய 6/0. பெரிய பல் மெல்லிய சுவரில் மாட்டி இழுக்கும், டியூபும் நெளியும், பிளேடும் ஒடியும். பல் கைப்பிடியைப் பார்த்து இருக்கவேண்டும். விரலால் தட்டினால் கிண்ணென்று கேட்கும் அளவுக்கு இறுக்குங்கள். தேன்மெழுகை லேசாகத் தடவினால் போதும், அப்பினால் தூள் ஒட்டிப் பல்லை அடைக்கும்.

ரம்பம் ஏற்கெனவே இருந்தால் மிச்சக் காசை ஜிக்கில் போடுங்கள். டியூப் கோணலாக அறுபடுவது பெரும்பாலும் பிளேடால் இல்லை, பிடிப்பால்தான். டியூப் உருண்டை, மேசையில் உருளும். கையில் பிடித்தால் சாயும். ஜிக்கில் ஒரு பள்ளத்தில் டியூப் உட்காரும், மேலே ஒரு பிடி அழுத்தும், பிளேடு போக நேர்ச்செங்குத்தாக ஒரு வெட்டு இருக்கும். நீளத்துக்கு ஒரு தடுப்பு. அதைத் திருகி நிறுத்திவிட்டால் எத்தனை துண்டு அறுத்தாலும் ஒரே அளவு. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: தடுப்பு இறுக்கிய பின் அசையக்கூடாது, பிளேடு போகும் வெட்டு அகலமாக இருக்கக்கூடாது, முன்முகம் கடினமான எஃகாக இருக்கவேண்டும். முகம் கடினமாக இருந்தால்தான் டியூப் நுனியை அதற்குச் சமமாக வைத்து மெல்லிய அரத்தால் ராவ முடியும். அரம் ஜிக்கைத் தின்னாது.

ஜிக் வரும்வரை கையிலேயே செய்யலாம். என் அப்பா அப்படித்தான் செய்தார். சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்துப் பெண்கள் காதுத் தோட்டைக் கொண்டுவருவார்கள், திருகாணி நிற்கவில்லை என்று. திருகாணி ஏறும் சுரையும் டியூப்தானே. தகட்டை மடித்து அச்சில் இழுத்து அவரே டியூப் செய்வார், அதிலிருந்து புதுச் சுரை அறுப்பார். அவர் ஒரே பக்கமாக அறுத்து இறங்கமாட்டார். பிளேடை லேசாக வைத்து, டியூபைத் தன் பக்கம் உருட்டிக்கொண்டே சுற்றிலும் ஒரு கோடு விழச்செய்வார். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர்ந்தால்தான் ஆழமாக அறுப்பார், அப்போதும் உருட்டுவதை நிறுத்தமாட்டார். கடைசியில் சத்தம் மெல்லிசாகும். அங்கே கையின் பாரத்தை முழுக்க எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அடிச்சுவர் அறுபடாமல் கிழியும்.

சுவர் மெல்லிசாக இருந்தால் உள்ளே சாத்தே குச்சியைச் சீவி இறுக்கமாக நுழைத்து, குச்சியோடு சேர்த்து அறுங்கள். டியூப் அமுங்காது, பிசிறும் குறையும். அப்புறம், அறுப்பதற்கு முன் டியூபை நெருப்பில் காய்ச்சி மிருதுவாக்காதீர்கள். இழுத்த விறைப்போடு இருக்கும்போதுதான் சுத்தமாக அறுபடும்.

அளவிலும் கவனம் வேண்டும். ஐந்து துண்டுக் கீல், துண்டுக்கு 6 மி.மீ. என்று 30 மி.மீ. டியூப் எடுத்தால் போதாது. நடுவில் நான்கு வெட்டு, பிளேடு மட்டுமே ஏறக்குறைய 0.9 மி.மீ. தின்னும். ராவுவதற்கும் வேண்டும். 33 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள், துண்டுகளைக் கொஞ்சம் நீளமாகவே அறுங்கள். தட்டையான கண்ணாடியில் 400 எமரித் தாளை வைத்து, துண்டை நிமிர்த்திப் பிடித்து எட்டு போடுவது மாதிரி தேயுங்கள். உள்வாய்ப் பிசிறைத் துளைக்கம்பியை (டிரில் பிட்) விரலாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துவிடலாம். ஆணியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பொடி வைத்துப் பற்றவையுங்கள்.

கேள்வி: வெள்ளி விலையில் பழகப் பயமாக இருக்கிறது. செம்பு டியூபில் பழகலாமா?
– வாசகர், பாகான் செராய்

பதில்: பித்தளையில் பழகுங்கள் தம்பி. செம்பு மிருதுவாக இருப்பதால் பிளேடில் ஒட்டும், ரம்பம் நகராததற்கு உங்கள் கைதான் காரணம் என்று நினைத்துக்கொள்வீர்கள். பித்தளைத் தூள் உதிர்ந்து விழும், கோணலும் உடனே தெரியும். வெள்ளிக்கு மாறும்போது மேசையைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், பித்தளைத் தூள் வெள்ளித் தூளோடு சேரக்கூடாது.