வீட்டுக் கேள்வி: வடக்குக் கூரையில் மட்டும் ஏன் பாசி?

கேள்வி: ஐயா, திருகோணமலை உவர்மலையில் எங்களுடையது அப்பா காலத்து ஓட்டு வீடு. தெற்குப் பார்த்த முன்பக்கக் கூரை இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. வடக்குப் பார்த்த பின்பக்கம் கன்னங்கரேலென்று கறுத்துவிட்டது. மாரி தொடங்கினால் அதன்மேல் பச்சைப் பாசியும் மெத்தை மெத்தையாக வருகிறது. பக்கத்து வளவு மாமரம் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. கூரை கழுவுகிற ஒருவர் வந்து பார்த்து, ஓடு பழுது, அதனால்தான் பாசி, மெஷினால் அடித்துக் கழுவி பெயின்ற் பூசினால் இனி வராது என்கிறார். குசினிக்கு மேலே உள்ள அஸ்பெஸ்டஸ் சீற்றையும் சேர்த்துக் கழுவித் தருகிறாராம். மழைக்கு முன் செய்துவிடட்டுமா?
ஓர் ஆசிரியை, உவர்மலை

பதில்: ஓடு பழுதென்றால் முன்பக்கமும்தானே கறுத்திருக்க வேண்டும்? இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஓடுதானே போட்டிருப்பார்கள். விஷயம் வெயிலில் இருக்கிறது, பிள்ளை.

திருகோணமலை பூமத்திய கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஆவணி கழிந்தால் நண்பகல் வெயில் தெற்கே சரியத் தொடங்கும். சித்திரை பிறக்கும்வரை திரும்பி வராது. மார்கழியில் உச்சிப் பொழுதில்கூட உங்கள் வடக்குக் கூரையில் வெயில் சரிந்து, உரசிக்கொண்டுதான் போகும். நமக்கு மழை கொட்டுவதும் அந்த மாதங்களில்தான். அதுவும் வடகிழக்கிலிருந்து, வாடைக்காற்றோடு அந்தப் பக்கத்தில்தான் வந்து அடிக்கும். நனைவது அதிகம், காய்வது குறைவு. போதாததற்கு மாமரத்து நிழல் வேறு. அங்கே பாசி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அந்தக் கறுப்பு அழுக்கல்ல, புகையுமல்ல. அது நீலப்பச்சை அல்கா என்கிற நுண்ணுயிர். கச்சான் காற்றில் மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தாலும் சாகாது, முதல் மழையில் எழும்பிவிடும். பார்க்க அசிங்கமே தவிர ஓட்டுக்குப் பெரிய கேடில்லை. கவனிக்க வேண்டியது பச்சை மெத்தையைத்தான்.

ஓர் ஓட்டைக் கழற்றிப் பாருங்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிகிற விளிம்பில் அந்த மெத்தை தூசியையும் உக்கிய மாவிலையையும் பிடித்து வைத்து, ஈரத்தில் ஊறிய பஞ்சைப் போல அடைத்துக்கொண்டிருக்கும். கீழே ஓட வேண்டிய தண்ணீர் அதில் தேங்கி, ஓட்டுக்கு அடியால் பின்னோக்கி ஏறும். ஏறிய தண்ணீர் ஓட்டைத் தாங்குகிற மரச் சிலாகையில்தான் இறங்கும். சிலாகையைப் பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்தால் உக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், கழுவுகிறவருக்கு முன்னால் ஓடாவியைக் கூப்பிடுங்கள். உவர்மலைக் குரங்குகள் எந்த ஓட்டை நகர்த்தி வைத்திருக்கின்றன என்பதையும் அதோடு பார்த்துக்கொள்ளலாம்.

மெஷின் வேண்டாம். பழைய மண் ஓட்டின் மேல்தோலை அந்த வேகம் உரித்துவிடும். தோல் போன ஓடு இன்னும் அதிகம் தண்ணீர் குடிக்கும், அடுத்த மாரியில் பாசி இன்னும் சுகமாக ஒட்டும். கீழிருந்து மேல்நோக்கி அடித்தால் தண்ணீர் நேரே வீட்டுக்குள் வரும். பெயின்ற்றும் வேண்டாம். பாசி முழுதாகச் சாகாத ஓட்டில் பூசினால் பெயின்ற் செதில் செதிலாகக் கழன்று வரும்.

நான் செய்யச் சொல்வது இதுதான். முதலில் பக்கத்து வளவுக்காரரோடு பேசிக் கூரைக்கு மேல் வந்த மாங்கொப்புகளை வெட்டுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பிறகு, மழைக்கு முந்திய வெயில் நாட்களில், ஓடு நன்றாகக் காய்ந்திருக்கும்போது, பச்சை மெத்தையை மரத் தகட்டால் மேலிருந்து கீழாகச் சுரண்டி, தும்புத்தடியால் கூட்டி எடுங்கள். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் கிடக்கும் சருகையும் அள்ளிவிடுங்கள். அப்புறம் உடுப்பு வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, காலையில் வெயில் ஏறுமுன் தெளித்து, 15, 20 நிமிடம் ஊறவிட்டுக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் வேலை செய்யுமுன் காய்ந்துவிடும்.

மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடக்கூடாது. கூரைக்குக் கீழே பூமரம் இருந்தால் முன்னும் பின்னும் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். கழிவறை கழுவுகிற அமிலத்தைக் குளோரினோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, ஏறுகிறவருக்கு இடுப்பில் கயிறு. சரி, கறுப்பு உடனே முழுதாகப் போகாது. செத்தது மழையில் மெல்லக் கழன்றுவிடும்.

குசினிச் சீற்றை அந்த மனிதரிடம் கொடுக்கவே வேண்டாம். அஸ்பெஸ்டஸை மெஷினால் அடித்தாலும் காய்ந்தபடி தேய்த்தாலும் நார் பறக்கும். அது நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துத்தான் நோயாகத் தெரியும். பழைய சீற் ஆள் பாரமும் தாங்காது, உடைந்து விழுந்தவர்கள் உண்டு. தேய்க்காமல், ஏணியில் நின்றபடி குளோரின் தண்ணீரை மெல்லத் தெளித்துவிட்டு மிச்சத்தை மழைக்கு விடுங்கள். கையில் காசு சேரும்போது சீற்றையே மாற்றுவது நல்லது.

கேள்வி: கூரை முகட்டில் செப்புக் கம்பி கட்டினால் பாசி வராது என்கிறார்கள். உண்மையா? எங்கள் வீட்டுப் பீலி அலுமினியம்.
ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: உண்மைதான். மழைத் தண்ணீர் செம்பில் பட்டு மிகக் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு இறங்கும், அந்தக் கரைசலில் பாசி வளராது. நாகம் (துத்தநாகம்) பூசிய தகரத்துக்கு நேர்கீழே ஓடு மட்டும் துப்புரவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். ஆனால் கம்பி மட்டும் போதாது. முகட்டோட்டுக்குக் கீழே மழை படுகிற மாதிரி, நீளத்துக்குத் தகட்டுப் பட்டியாகப் போட வேண்டும். அதுவும் வருமுன் தடுக்கும், வந்ததை அகற்றாது. நீண்ட சரிவில் கீழ்ப்பகுதிக்கு எட்டாது, நடுவில் இன்னொரு பட்டி வேண்டும். குடிக்க மழைநீர் பிடிக்கும் கூரையில் போடாதீர்கள்.

உங்களுக்குச் செம்பு சரிவராது. செம்பு கரைந்த தண்ணீர் அலுமினியத்தை அரித்து ஓட்டை போட்டுவிடும். நாகத் தகடு போடுங்கள். செம்பைவிட வீரியம் குறைவு, ஆனால் பீலி தப்பும். இரவில் வந்து கழற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் அதில் அவ்வளவு ஆசையில்லை.