முதல் லினக்ஸ் புத்தகம்

கேள்வி: லினக்ஸ் கற்க ஆசை. ஆயிரம் பக்கப் புத்தகங்களைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

பதில்: தடிமனான புத்தகங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நான் அப்படி ஒன்றில்தான் தொடங்கினேன். முதல் அத்தியாயமே இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலைப் பற்றியது. கோப்பை நகலெடுப்பது எப்படி என்பது இருநூறு பக்கம் தாண்டித்தான் வந்தது. நடுவிலேயே நிறுத்திவிட்டேன்.

வில்லியம் ஷாட்ஸ் எழுதிய 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' படியுங்கள். ஆங்கிலம் எளிமையானது, பிடிஎஃப் அவர் தளத்திலேயே இலவசம். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls), ஃபோல்டர் மாற உதவும் சிடி (cd) கட்டளைகளில் தொடங்கி, பல கட்டளைகளை ஒரே கோப்பில் எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் வரை கைப்பிடித்துக் கூட்டிப்போகும். ஒவ்வொரு கட்டளையையும் டெர்மினலில் (கட்டளைகளை உள்ளிடும் சாளரம்) தட்டிப் பாருங்கள், வெறுமனே வாசித்தால் மனதில் ஒட்டாது. கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' (rm) வரும்போது மட்டும் கவனம்! அது அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். பயிற்சிக்கென்று தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைப் பற்றி 1984இல் கெர்னிகனும் பைக்கும் எழுதிய 'தி யூனிக்ஸ் புரோகிராமிங் என்விரான்மென்ட்'. பழையது என்று ஒதுக்காதீர்கள். சின்னச் சின்னக் கருவிகளை பைப்பால் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாகத் தரும் இணைப்பு) கோத்து பெரிய வேலையை முடிக்கும் அந்தச் சிந்தனையை அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். சில கட்டளைகள் இன்று மாறியிருக்கும். சந்தேகம் வந்தால் அந்தக் கட்டளையின் கையேடான 'மேன்' (man) பக்கத்தைத் திறந்து பாருங்கள்.