ரயிலைத் திருப்புவது எது? கேள்வி பதில்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: அண்ணா, சக்கரத்தின் உள்பக்க விளிம்புதானே ரயிலைத் தண்டவாளத்தில் பிடித்து வைக்கிறது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நேர்ப்பாதையில் விளிம்பு தண்டவாளத்தில் உரசுவதே குறைவு. வேலை செய்வது சக்கரத்தின் சரிவு. உள்பக்கம் பருமன், வெளிப்பக்கம் ஒல்லி. வழக்கமான கணக்கு 20-க்கு 1, அதாவது 20 மி.மீ. அகலத்துக்கு 1 மி.மீ. இறக்கம். தண்டவாளத்தையும் அதே அளவு உள்நோக்கிச் சாய்த்தே பதிக்கிறார்கள். இரண்டு பேப்பர் கப்பை வாயோடு வாய் ஒட்டி, இணையாகச் சாய்த்து வைத்த இரண்டு குச்சிகள்மேல் உருட்டிவிடுங்கள். ஒரு பக்கம் விலகினாலும் தானே நடுவுக்கு வந்துவிடும். அடியோடு அடி ஒட்டினால் விழுந்துவிடும்.

வில்லியனூரிலிருந்து: வளைவில் வெளித் தண்டவாளம் நீளம் அதிகம். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருக்க, எப்படிச் சமாளிக்கிறது?

நல்ல கேள்வி. காரில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு உண்டு, ரயிலில் கிடையாது. வளைவில் அச்சு கொஞ்சம் வெளியே நகரும். அப்போது வெளிச் சக்கரம் பருத்த பாகத்திலும் உள்சக்கரம் ஒல்லியான பாகத்திலும் ஓடும். ஒரே சுற்றுக்கு வெளிச் சக்கரம் அதிக தூரம் போய்விடும். ரொம்பக் கூர்மையான வளைவில் இது போதாது. அங்கேதான் விளிம்பு உரசும், கிரீச் என்று கத்தும். அந்த இடங்களில் தண்டவாளத்தின் பக்கவாட்டில் கிரீஸ் பூசுவார்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து: தண்டவாளம் பூரா துரு, மேலே மட்டும் ஒரு பட்டை பளபளக்கிறதே?

உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். சக்கரம் உருளும் இடத்தில் மட்டும் அது தேய்ந்து போகிறது. ஒரு சக்கரம் ஒரு நேரத்தில் தொடும் இடம் சுமார் 1 சதுர செ.மீ.தான். சரக்கு வேகனில் 11 டன்னுக்கு மேல் அந்தத் துளி இடத்தில் இறங்கும். பட்டையைப் பிளாட்பாரத்தில் நின்றே பாருங்கள், கீழே இறங்க வேண்டாம்.

பண்ருட்டியிலிருந்து: பெட்டியில் 'டக் டக்' சத்தம். சக்கரமா, தண்டவாளமா?

எண்ணிப் பாருங்கள். 13 மீட்டர் தண்டவாளங்களின் இணைப்பு என்றால், 60 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம். வினாடிக்கு ஆறு தட்டு என்றால் சக்கரம்தான்: பிரேக்கில் பூட்டிக்கொண்டு இழுபட்டு, ஓரிடம் தட்டையாகியிருக்கும். 915 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றில் ஓடுவது மூன்று மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

புதுச்சேரியிலிருந்து: மழையில் இன்ஜின் சக்கரம் வழுக்காதா சார்?

வழுக்கும். அதற்குத்தான் இன்ஜினில் மணல்பெட்டி. குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் மணல் விழும்.