விரல் வாதம், முழங்கால் வலி, பக்கவாதம்: மாடித்தோட்டக் கருவிகளை எப்படி மாற்றிக்கொள்வது?

கேள்வி: அம்மாவுக்கு 69 வயது. மாடியில் பைகளில் கத்தரி, வெண்டை, கீரை, ரோஜா வளர்க்கிறார். விரல் மூட்டுகளில் வாதம், முழங்காலில் தேய்மானம். செடி வெட்டும் கட்டரை அழுத்த முடியவில்லை. குனிந்து களை எடுத்தால் மறுநாள் எழுந்திருக்கவே சிரமப்படுகிறார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையில் வலு இல்லை, ஆனாலும் கூடமாட வேலை செய்ய ஆசைப்படுகிறார். முதியோருக்கான தோட்டக் கருவிகள் என்று இணையத்தில் நிறைய விற்கிறார்கள். எதை வாங்கலாம்? இல்லை, தோட்டத்தையே விட்டுவிடச் சொல்லலாமா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தோட்டத்தை விடச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் சிரமங்களில் பாதிக்கு மேல் கருவியால் வருபவை. கடையில் விற்கும் மண்கரண்டியும் கட்டரும் வலுவான கையும் நன்றாக மடங்கும் முழங்காலும் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவை. எதையும் வாங்குவதற்கு முன்னால், ஒருநாள் காலையில் அம்மா வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். இறுக்கிப் பிடிக்கும்போது வலிக்கிறதா, மணிக்கட்டைத் திருப்பும்போதா, குனியும்போதா, தூக்கும்போதா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய மாற்றம் வேறு. இது தெரியாமல் வாங்கும் விலை உயர்ந்த கருவி மூலையில்தான் கிடக்கும்.

முதலில் பிடி. மண்கரண்டி, களைக்கொத்தி போன்றவற்றின் பிடி பெரும்பாலும் மெல்லியதாக இருக்கும். அதைப் பிடிக்க விரல்கள் முழுக்க மடங்கி இறுக வேண்டும். வாதம் வந்த மூட்டுக்கு வேதனை அங்கேதான். பிடியின் விட்டத்தை 3 முதல் 4 செ.மீ. வரை தடிமனாக்கினால் விரல் பாதி மடங்கினாலே போதும், பாரமும் உள்ளங்கை முழுவதும் பரவும். இதற்குப் புதுக் கருவி தேவையில்லை. ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாயின் மேல் மாட்டும் கறுப்பு நுரைக்குழாயில் ஒரு துண்டு வாங்கி பிடியின் மேல் செருகுங்கள். அதன் மேல் கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் கிரிப்பை ஏற்றிவிட்டால் ஈரக்கையிலும் வழுக்காது. வெயிலில் நுரை நாளடைவில் பொடிந்துவிடும், அப்போது மாற்றிக்கொள்ளலாம். அம்மா பிடித்துப் பார்க்கும்போது கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் தொட்டும் தொடாமலும் இருந்தால் அளவு சரி. அதற்கு மேல் தடித்தால் மறுபடியும் கஷ்டம்தான்.

சாம் ஃபார்பர் என்ற அமெரிக்கத் தொழிலதிபர், கைமூட்டு வாதத்தால் காய்கறி சீவியைப் பிடிக்க முடியாமல் மனைவி பெட்சி சிரமப்படுவதைப் பார்த்து, தடித்த ரப்பர் பிடி போட்ட சீவியை உருவாக்கத் தொடங்கினார். 1990-ல் ஆக்ஸோ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. வாதம் உள்ளவருக்காக யோசித்த பிடி எல்லோருடைய கைக்கும் வசதியாக அமைந்துவிட்டது. அம்மாவின் கருவியை மாற்றும்போது இதை அவரிடம் சொல்லுங்கள். நோயாளிக்கான பொருள் என்று நினைத்தால் பலர் தொடக்கூட மாட்டார்கள்.

அடுத்தது மணிக்கட்டு. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. உங்கள் மணிக்கட்டை உட்பக்கமாக முழுக்க மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், எளிதில் உருவிவிடலாம். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்துதான் விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டு உள்ளே மடங்கினால் நாண் தளர்ந்து இழுவிசை குறைந்துவிடும். சாதாரண மண்கரண்டியால் தோண்டும்போது மணிக்கட்டு வளைந்தே இருக்கும், அதனால் இருக்கிற வலுவும் வீணாகிறது. பிரிட்டனின் பீட்டா நிறுவனம் விற்கும் ஈஸி-கிரிப் கருவிகளில் பிடி, தண்டிலிருந்து செங்குத்தாக மேலே எழும்பி நிற்கும். கைகுலுக்குவது போல நிமிர்ந்த முஷ்டியால் பிடிப்பதால் மணிக்கட்டு நேராகவே இருக்கும். முன்கையில் மாட்டிக்கொள்ளும் தாங்கியும் தனியாக உண்டு. அதைச் சேர்த்தால் விரலின் வேலையை முழங்கையும் தோளும் வாங்கிக்கொள்ளும். இறக்குமதி விலை கட்டுப்படியாகாவிட்டால் கவலை வேண்டாம். படத்தைக் காட்டினால் நம்மூர் வெல்டிங் பட்டறையில் இருக்கிற மண்கரண்டியிலேயே அப்படி ஒரு பிடியை வைத்துத் தருவார்கள்.

கட்டருக்கு வருவோம். முதலில் இருப்பதைச் சாணை பிடித்து, திருகில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதற்குப் பிறகும் வலித்தால் ராட்செட் கட்டர் பாருங்கள். ஒரே அழுத்தில் வெட்டாமல், சின்னச் சின்ன அழுத்தங்களாகப் படிப்படியாக வெட்டும். ஆனால் கிடைப்பதில் பல, ஓர் அலகு தட்டையான அடிப்பலகையில் அழுந்தும் வகை. காய்ந்த குச்சிக்கு அது நல்லது, ரோஜாவின் பச்சைத் தண்டை நசுக்கிவிடும். பச்சைத் தண்டுக்கு இரண்டு அலகும் கத்தரிக்கோலாக உரசிப் போகும் வகை வேண்டும். எதுவானாலும் விரித்தால் அம்மாவின் கைக்குள் அடங்குகிறதா, பூட்டைக் கட்டைவிரலால் சிரமமின்றித் தள்ள முடிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ரொம்ப விறைப்பாக இருந்தால் அதை எதிர்த்தே கை ஓய்ந்துவிடும்.

முழங்காலுக்கு நீளப்பிடிக் கருவி வாங்கலாம்தான். எட்டாத முருங்கைக்குத் துரட்டியும், குனியாமல் நெல்லில் களை எடுக்கக் கோனோவீடரும் நமக்குப் பழக்கமானவையே. ஆனால் மாடித்தோட்டத்தில் என் முதல் சிபாரிசு, பையை உயர்த்துவது. மண்மட்டம் தரையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் குனிய வேண்டியதில்லை. கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும் என்பதால் அதை மேசை உயரத்தில் வையுங்கள். கத்தரியும் வெண்டையும் உயரமாக வளர்பவை, தாழ்வான ஸ்டாண்டு போதும். ஒரு பக்கமிருந்து மட்டும் எட்டக்கூடிய மேசை என்றால் அகலம் 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டில் இருந்தால் மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய சுமார் 70 செ.மீ. இடைவெளி விடுங்கள். மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைக் கூட்டினால் எடை குறையும். நனைந்த பைகள் கனமானவை, எனவே ஒரே இடத்தில் குவிக்காமல் சுவரோரமாகப் பரப்பி வையுங்கள். பழைய கட்டிடமென்றால் ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுவது நல்லது. விதை போட, இடுப்புயர பிவிசி குழாய்த் துண்டின் நுனியை மண்ணில் ஊன்றி, நின்றபடியே விதையை உள்ளே விடலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். ஊன்றி எழ அது உதவும். முக்காலி வேண்டவே வேண்டாம்.

தண்ணீர்: 10 லிட்டர் பூவாளி நிரம்பினால் 10 கிலோவுக்கு மேல். ஹோஸ் போடுங்கள். விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய துப்பாக்கி மாதிரியான முனை வேண்டாம், நெம்புகோல் வால்வு நுனியில் இருக்கட்டும். திருகித் திறக்கும் உருண்டைப் பிடிக் குழாய்களையும் நெம்புகோல் பிடிக்கு மாற்றிவிடுங்கள்.

அப்பாவுக்கு நல்ல வேலை நாற்று ட்ரேதான். ஒற்றைக் கையால் வேலை செய்பவருக்குத் தொட்டி நகர்வதுதான் பெரிய தொல்லை. அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டு, மேசை விளிம்பில் ஒரு சி-கிளாம்பால் (திருகி இறுக்கும் இரும்புக் கவ்வி) ட்ரேயை இறுக்கிவிட்டால் வலது கையாலேயே மண் நிரப்பி, விதை ஊன்றி, தண்ணீர் தெளிக்கலாம். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு ஒரு பக்கத்துப் பொருள் கவனத்தில் விழாது. கருவிகளை அவர் கவனிக்கும் பக்கமே வையுங்கள். பச்சைப் பிடி செடிக்குள் மறைந்துவிடும், மஞ்சள் அல்லது ஆரஞ்சு டேப் சுற்றுங்கள்.

மாடிப்படியை மறக்காதீர்கள். அப்பா ஏறும்போது வலது கைக்கு எட்டும் கைப்பிடி, இறங்கும்போது அவருக்கு இடப்பக்கம் போய்விடும். அதனால் படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றக்கூடும். சர்க்கரையால் பாத உணர்வு குறைந்தவர்கள் சூடான தளத்தில் வெறுங்காலோடு நிற்கவே கூடாது. மூட்டு வீங்கிச் சிவந்திருக்கும் நாட்களில் கட்டரும் தோண்டுதலும் வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் வலி நீடித்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் சிரமமின்றிச் செய்ய வழிகாட்டும் சிகிச்சையாளர்) ஒருவரைப் பாருங்கள். போகும்போது அம்மாவின் கட்டரையும் மண்கரண்டியையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். அம்மா அவற்றைப் பிடிக்கும் விதத்தை நேரில் பார்த்தால் எதை மாற்றுவது என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.