வீங்கிய கெண்டைக்காலை மடக்கிப் பார்க்கலாமா?

கேள்வி: நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாளான நோயாளி ஒருவருக்கு இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. பாதத்தை மேல்நோக்கி மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கும் ஹோமன்ஸ் சோதனையைச் செய்யச் சொல்கிறது கைடு. வார்டு சிஸ்டர் "காலைத் தொடாதே" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: சிஸ்டர் சொல்வதுதான் சரி, அந்தக் காலை மடக்கிப் பார்க்காதீர்கள். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கும் பலருக்கு அந்தச் சோதனையில் வலியே வராது. உறைவு இல்லாமல் வெறும் தசைப்பிடிப்பு இருப்பவர் "ஐயோ" என்பார். "ஹோமன்ஸ் இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால் அடுத்த ஷிப்டில் வருபவரும் நிம்மதியாகிவிடுவார். ஆபத்தே அங்கேதான். இவ்வளவு தெரிந்த பிறகும் கைடு போடுகிறவர்கள் பழைய பக்கத்தையே அச்சடித்து விற்கிறார்கள், தேர்விலும் அதையே கேட்கிறார்கள். கேட்டால் சோதனையை விளக்கிவிட்டு, "நம்பத்தக்கதல்ல, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன்தான் உறுதிசெய்யும்" என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஓர் இன்ச் டேப். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு புடைத்திருக்கும் அல்லவா, அங்கிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் கோடு போட்டு, இரண்டு கால்களின் சுற்றளவையும் எடுங்கள். கோடு இல்லாவிட்டால் நாளைக்கு அளப்பவர் வேறு இடத்தில் அளப்பார், கணக்கு வீண். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குறைவாக இருந்தாலும் டியூட்டி டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்பச் சொல்லும் வார்டுகளில் ஓர் இன்ச் டேப் கிடைப்பதில்லை. சொந்தமாக ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர்கள் எண்ணெய் தேய்த்து நீவிவிட வருவார்கள். விடாதீர்கள். உறைவு கழன்றால் அது போய்ச் சேரும் இடம் நுரையீரல்.

அடுத்து, ரத்தம் உறையாமலிருக்கக் காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸ். "எல்லா சைஸுக்கும் பொருந்தும்" என்று வார்டு வாசலில் விற்கும் தரகரை நம்பாதீர்கள். அளவெடுக்காமல் போட்ட ஸ்டாக்கிங்ஸ் மேல் விளிம்பில் சுருண்டு, கயிறு கட்டியதுபோல் இறுக்கும். உறைவு இருக்குமென்று சந்தேகிக்கும் காலில், டாக்டர் சொல்லாமல் ஸ்டாக்கிங்ஸோ காற்றழுத்தப் பட்டையோ மாட்டவே கூடாது.

தமனி அடைப்பு உள்ளவர்கள் விஷயத்தை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. அவர்களுக்குக் காலுக்கு வரும் ரத்தமே குறைவு. அதன்மேல் இறுக்கினால் தோல் கறுத்து, புண்ணாகி, விரலே போகலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்கு மரத்துப்போன பாதத்தில் வலியும் தெரியாது, அவராகச் சொல்ல மாட்டார். ஆகவே ஸ்டாக்கிங்ஸ் மாட்டுமுன் பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பாருங்கள். பாதம் சில்லென்றிருக்கிறதா, நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் சரியாகிறதா என்று கேளுங்கள். நாடி கிடைக்கவில்லையா? மாட்டாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். மாட்டியவர்களுக்கும் தினமும் கழற்றிக் குதிகாலைப் பார்க்க வேண்டும்.

உறைவு கரையும்போது ரத்தத்தில் கலக்கும் பொருளை அளக்கும் டி-டைமர் பரிசோதனை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் கூடித்தான் காட்டும். கூடியிருப்பதை மட்டும் வைத்து உறைவு இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கினால் ஈறு, சிறுநீர், தையல் போட்ட இடம் மூன்றிலும் ரத்தக் கசிவைக் கவனியுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். பிளேட்லெட் எண்ணிக்கை சரிந்தால் அன்றே சொல்லுங்கள். ஹெப்பாரினின் விளைவை முறிக்கும் மருந்து புரோட்டமின் சல்பேட்; உறைவைத் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரினுக்கு வைட்டமின் கே.

திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உறைவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். தலைப்பக்கத்தை உயர்த்தி, ஆக்ஸிஜன் அளவைப் பாருங்கள், நாடித்துடிப்பை எண்ணுங்கள். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு ஆள் தேடி ஓடாமல், கட்டிலருகே நின்றபடியே குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள்.